கறுத்துப்போன பித்தளை மீன்

நான் செய்யவில்லை.

இதை முதல் தடவை சொல்லி அறுபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. அன்றைக்குச் சொன்னபோது நம்ப ஆளில்லை. இன்றைக்கு அந்த வீட்டில் கேட்கவே ஆளில்லை. அதற்காகச் சொல்லாமல் விட்டுவிட முடியுமா? எங்கள் வீட்டு முற்றத்துத் தொட்டியில் இருந்த பித்தளை மீனைக் கறுப்பாக்கியது நான் அல்ல. செய்திருந்தால் செய்தேன் என்று சொல்லியிருப்பேன். எனக்கென்ன பயம்?

எங்கள் வீடு மட்டக்களப்புப் பட்டணத்தில், வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. எங்கள் வீடு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. அம்மாவுக்கு அது சீதனமாக வந்தது. அக்கா கலியாணம் முடிக்கிற அன்றைக்கு அது அக்காவுக்குப் போய்விடும். மாப்பிள்ளையாக வருகிறவர் பெண்ணின் வீட்டில்தான் வந்து குடியிருப்பார். அப்படிக் கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு றங்குப் பெட்டியோடு வந்தவர்தான் அப்பா. வீடு அம்மாவுடையது, கிணறு அம்மாவுடையது, தென்னைகள் அம்மாவுடையவை. அப்பா பேப்பர் வாசிக்கிற சாய்மனைக் கதிரைகூட அம்மாவோடு வந்ததுதான்.

தொட்டி மட்டும்தான் அப்பாவுடையது. கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்த அவர், லீவு நாட்களில் தன் கையாலேயே மண் வெட்டி, சீமெந்து குழைத்து, விளிம்பில் வாவிச் சிப்பிகளைப் பதித்துக் கட்டியது. அம்மா அதைத் தொட்டி என்பார். அப்பா ஒருவர் மட்டும் தடாகம் என்பார். எங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அதைக் குழி என்பார். காத்தான்குடியில் பழைய பித்தளை விற்கிற முஸ்லிம் நானா ஒருவரிடமிருந்து அப்பா ஒரு மீனும் இரண்டு குழாயும் வாங்கி வந்து அதில் பொருத்தியிருந்தார். பக்கத்தில் மேடை கட்டி ஒரு பீப்பாய். அதற்குள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக் குழாயைத் திருகினால் மீன் வாயால் தண்ணீர் கொப்பளிக்கும். எங்கள் வாவி மீன் பாடும் என்று ஊரெல்லாம் பெருமை. எங்கள் மீனுக்குத் துப்ப மட்டும்தான் தெரியும். ஆனாலும் பெருமை குறைவில்லை. சனிக்கிழமை காலைகளில் அப்பா பழந்துணியும் போத்தலுமாகப் போய் முழங்காலில் குந்தி, மீனையும் குழாய்களையும் தேய்த்துப் பளபளப்பாக்குவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்த வருடம் நான் நாலாம் வகுப்பு. அக்கா பெரிய பரீட்சை எழுதி, ஆசிரியர் கலாசாலையில் இடமும் கிடைத்திருந்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம். தேங்காய் திருவும்போது பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே திருவுவாள். சரித்திரமும் தேங்காயும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகத்தான் ஞாபகம் வரும்.

அப்போதுதான் மாமா செங்கலடியிலிருந்து வந்து, தன்னுடைய ஒரே மகனுக்கு அக்காவைக் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வந்தார், கதிரையில் இருந்தார், தை மாதம் என்று சொன்னார். அம்மாவின் அண்ணன் சொன்னால் எங்கள் வீட்டில் அது தீர்ந்த கதை. அம்மாவுக்கோ வாயெல்லாம் பல். அண்ணன் மகன், தெரிந்த பிள்ளை, வயல் இருக்கிறது. அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"அவள் படிக்கட்டும் மச்சான். ரெண்டு வருசம்தானே."

"படிச்சு?" என்றார் மாமா. "எங்கட வயலுக்க நிண்டு பாடம் எடுக்கிறதோ? மச்சான், நீங்க இந்த வீட்டுக்கு வந்த ஆள். வீட்டு விசயத்த வீட்டாக்கள் பாப்பம்."

அப்பா பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய ஆள், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக்கூடாதா என்று பல்லைக் கடித்தேன். அக்கா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அன்றையிலிருந்து தேங்காயைச் சத்தமில்லாமல் திருவினாள். அவ்வளவுதான். வீடு திடீரென்று அமைதியானது எனக்குப் பிடிக்கவில்லை.

மீன் கறுக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

முதலில் வாலில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு மண்ணிறம். பிறகு செதிலெல்லாம் ஊதாவும் நீலமும் ஓடின. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. பிறகு கறுப்பு. மீனும் குழாய்களும் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிட்டன. அப்பா சனிக்கிழமைகளில் மட்டுமல்லாமல் இடைநாட்களிலும் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுத்தது. இதை முதலில் கவனித்துச் சொன்னவள் நான்தான். "அப்பா தேச்ச அடுத்த நாள்தான்மா கூடக் கறுக்குது" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்தார். யாரோ என்னவோ செய்துவிட்டிருக்கிறார்கள், நல்லவர் கை பட்டால் அது இன்னும் மூர்க்கமாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். செய்வினையை நம்புவதில்லை. பயப்படுவதோடு சரி.

மாமா வந்து பார்த்துவிட்டுக் கிணற்றில் உவர் ஏறிவிட்டது என்றார். அப்படியானால் வீட்டுக்குள் அதே கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிற பித்தளைக் கேத்தல் ஏன் மினுங்குகிறது? கடற்காற்று என்றார் போதகர். அதே காற்றுத்தான் எங்கள் சபைக் கோயில் மணிக்கும் அடிக்கிறது, அதற்கு ஒன்றுமில்லையே. இதையெல்லாம் நான் கேட்டேன். கேட்டதுதான் வினையாகிப் போனது. இவ்வளவு கேள்வி கேட்கிற வாய்க்குப் பின்னால் ஒரு கை இருக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பட்டுவிட்டது.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்திய வருடம் உடுப்புக்குப் போடுகிற நீலத்தை ஒரு பைக்கற் முழுக்கத் தொட்டியில் கலந்தவள் நான்தான். வானம் கீழே தெரியட்டும் என்று கலந்தேன். பக்கத்து வீட்டுத் தாராக்கள் வந்து குளித்துவிட்டு நீலமாகப் போய்ச் சேர்ந்தன. கேட்டவுடன் ஒப்புக்கொண்டு அடியும் வாங்கினேன். செய்தால் செய்தேன் என்பேன். அது என் வழக்கம். அந்த வழக்கத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மாமி வீடு பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்ததும் அம்மாவின் பேச்சு மாறியது. மகன் வந்து வாழப்போகிற வீடல்லவா, தாய் வந்து வளவு, கிணறு, அடுப்படி எல்லாம் பார்த்துப் போவது முறை. மாமி எதற்கும் பயப்படுகிறவர். பல்லி சொன்னால் பயணத்தை நிறுத்துவார். அவர் கண்ணில் இந்தக் கறுப்பு பட்டால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு குழந்தையின் குறும்பு என்றால்? குறும்புக்கு யார் பயப்படுவார்கள்? ஆகவே அம்மாவுக்கு இப்போது யார் செய்தது என்று தெரிய வேண்டியதில்லை. நான் செய்தேன் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவு போதும்.

"ஒரு சொல்லுத்தானே புள்ள," என்றார் முதலில், தலையைத் தடவி. "மையப் பூசிட்டன் மாமி எண்டு சொல்லு. கிறிஸ்மஸுக்குக் குதி வைச்ச சப்பாத்து வாங்கித் தாறன்."

"நான் பூசல்ல."

"சரி, நீ பூசல்ல. பூசினன் எண்டு சும்மா சொல்லன்."

"சும்மாவும் சொல்ல மாட்டன்."

"அக்காட வாழ்க்கைடி!"

"அதுக்கு நான் ஏன் கள்ளியாகணும்?"

சப்பாத்துப் போய் ஈர்க்கு வந்தது. ஈர்க்கும் போய், தொட்டிக்குப் பக்கத்தில் குருமணலில் முழங்காலில் நில் என்று வந்தது. செய்தேன் என்று சொல்கிறவரைக்கும் எழும்பக்கூடாது. நின்றேன். முழங்காலில் மணல் குத்தியது. எதிரே அந்தக் கறுத்த மீன் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. நீயாவது வாயைத் திறந்து சொல்லன் என்று அதைத் திட்டினேன்.

அப்பா கச்சேரி விட்டுச் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைக் கண்டார். சைக்கிளைத் தென்னையில் சாத்தினார். ஒன்றும் கேட்காமல் வந்து, வெள்ளைக் காற்சட்டையோடு என் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

"என்னப்பா செய்யிறீங்க?"

"நிக்கிறன் மகள்."

"ஏன்?"

"நீ நிக்கிறாய்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுக் கையைத் தலையில் வைத்தார்.

"இஞ்சருங்க, உங்களுக்கென்ன பைத்தியமா? நீங்க குடுக்கிற செல்லத்திலதான் இவள் இப்பிடி ஆகியிரிக்காள். எழும்புங்க, காற்சட்டை ஊத்தையாகுது!"

"அவள எழும்பச் சொல்லு. நானும் எழும்புறன்."

"அவள் வாயத் திறக்கட்டும்!"

"அப்ப நிக்கிறம்," என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினார். பொழுதுபடும்வரை நின்றோம். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில், முகம் துடைக்கிற தன் லேஞ்சியைப் பையிலிருந்து எடுத்து என் முழங்காலுக்குக் கீழே மடித்து வைத்தார். அப்போது அவருடைய விரல்களில் உரசி எரித்த நெருப்புக்குச்சி மணம் அடித்தது. அப்பா சுருட்டு, சிகரெட் ஒன்றும் பிடிக்காதவர். கேட்க நினைத்தேன். கால் வலியில் மறந்துபோனேன். விளக்கேற்றுகிற நேரத்தில் அம்மாவே வந்து, "எழும்பித் துலையுங்க ரெண்டு பேரும்" என்றார்.

அழுதுகொண்டிருக்க நான் ஆளில்லை. தண்ணீர்தான் குற்றவாளி என்று காட்டிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுப்படியிலிருந்து ஒரு பித்தளைக் கரண்டியை எடுத்து, கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். தினமும் தூக்கிப் பார்த்தேன். கரண்டி மஞ்சளாகவே கிடந்தது. மாமி வருவதற்கு முதல்நாளும் அப்படியே. இது எனக்கே பாதகமாகிவிடும் என்று பயந்து, அப்பாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன்.

"தண்ணி கறுப்பாக்கல்லப்பா. கரண்டி அப்பிடியே கிடக்கு. அம்மா கண்டா, அப்ப ஒரு கைதான் செய்திரிக்கு எண்டு சொல்லுவா."

அப்பா தொட்டிப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். "இன்னும் ஒருக்கா இறக்கிப் பாரு மகள்," என்றார். "தண்ணிக்கும் நேரம் எடுக்கும்."

மறுநாள் விடிய எழுந்தோடிப் போய்க் கயிற்றை இழுத்தேன். கரண்டி கறுத்திருந்தது. நான் துள்ளிய துள்ளலில் தாராக்கள் சிதறின.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து பின்னேரம், மாமாவும் மாமியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அம்மா தொதலும் பயற்றம் பணியாரமும் செய்து வைத்திருந்தார். மீனுக்கு மேல் ஒரு துவாயை, காயப்போட்டது மாதிரி விரித்தும் வைத்திருந்தார். மாமி கிணற்றைப் பார்த்தார், தென்னைகளைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார். கொடி இருக்கிற வீட்டில் துவாய் ஏன் இங்கே காய்கிறது என்று கேட்டுக்கொண்டே அதை இழுத்தார்.

"ஆண்டவரே! இதென்ன கோலம்?"

அம்மா சிரித்தார். அவ்வளவு பொய்யான சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. "இவள்ட குழப்படி மச்சாள். முந்தி நீலம் கலந்தவள், இப்ப என்னத்தையோ பூசிட்டாள். சொல்லு புள்ள, மாமிக்குச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். அம்மாவின் விரல்கள் என் தோளில் ஏறிக் கிள்ளத் தயாராக இருந்தன.

"நீலம் நான்தான் கலந்தன்," என்றேன். "இத நான் செய்யல்ல. செய்யாதத செய்தன் எண்டு சொன்னா அது பொய். பொய் சொல்லப்படாது எண்டு ஞாயிறு பள்ளியில சொல்லித் தந்திரிக்கு."

அம்மா கிள்ளினார். நான் அசையவில்லை.

"பெரியாக்களுக்கு முன்னால வாய் காட்டுறியா?" என்று மாமா கதிரையிலிருந்து எழுந்தார். "தோல உரிச்சுப்போடுவன்."

"உரிங்க மாமா. உரிச்சாலும் நான் செய்யல்ல!" என்று கத்திக்கொண்டே, சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கறுத்த கரண்டியை எடுத்து நீட்டினேன். "இத ஆர் செய்த? நேத்து மஞ்சளாக் கிடந்த. நான் படுத்து எழும்பக்குள்ள கறுத்துப் போச்சு. தொட்டிதான் செய்யிது!"

மாமி ஓரடி பின்னால் போனார். மாமா அவசரமாகச் சிரித்தார். "சின்னப் புள்ளைட விளையாட்டு. இதையும் இவள்தான் பூசியிருப்பாள். இதுக்குப் போய்..."

"அவள் செய்யல்ல."

சொன்னது அப்பா. சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து நின்றிருந்தார். கையில் பேப்பர் இல்லை.

"உங்களுக்கு என்ன தெரியும் மச்சான்?" என்றார் மாமா.

"தெரியும். அவள் செய்யல்ல. என்ட புள்ளைய எனக்கு முன்னால கள்ளி எண்டு சொல்லாதீங்க."

அப்பா மாமாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உலகத்தில் ஒருவர் என்னை நம்பிவிட்டார்! அவர் மறுத்த வார்த்தையில் அக்காவின் கலியாணம் ஆடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டே இல்லை.

மாமி தேத்தண்ணிக் கோப்பையை வாய் வைக்காமலே தட்டில் திருப்பி வைத்தார். பெண் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. "எனக்கு இரிக்கிறது ஒரு புள்ள," என்றார். "செய்தது ஆரெண்டும் தெரியாது, என்னெண்டும் தெரியாது. மீனுக்கு வந்தது அவனுக்கு வரட்டும் எண்டு இந்த வளவுக்க நான் அனுப்புறதோ? நடங்க போவம்."

மாமா குடையை எடுத்தார். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் அவரும் மாமியின் வீட்டுக்குப் போன மாப்பிள்ளைதானே. மாமிக்குப் பின்னால் நடந்தார்.

அம்மா பல நாட்கள் என்னோடு பேசவில்லை. பேசினால் "அக்காட வாழ்க்கையக் கெடுத்த சனியன்" என்றுதான் தொடங்குவார். வாழ்க்கை கெட்ட அக்காவோ, அன்று சாயந்தரமே தேங்காய் திருவிக்கொண்டு ஒல்லாந்தர் காலத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். தொதலில் பெரிய துண்டு என் கைக்கு வந்தது. தை பிறந்ததும் கலாசாலைக்குப் போனாள். பிறகு படிப்பித்தாள், தான் விரும்பியபோது விரும்பிய ஒருவரைக் கலியாணம் முடித்தாள். இப்போதும் என்னைவிடச் சத்தமாகப் பேசுவாள்.

அப்பா என்னத்தைப் பூசினார், எங்கே வாங்கினார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குப் பிள்ளை பிறந்து, அதற்குச் சிரங்கு வந்து, கந்தக மருந்தைப் பித்தளைக் கிண்ணத்தில் குழைத்துப் பூசியபோது கிண்ணம் கறுத்தது. என் விரலில் அந்த நெருப்புக்குச்சி மணம் எழுந்தது. கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். கேட்க அப்பா இல்லை. அந்த வளவு முழுவதிலும் அவருக்கென்று இருந்தது ஒரு மீன். தன் மூத்த மகளுக்காக அவர் கறுப்பாக்கக்கூடியதும் அது ஒன்றுதான்.

மாமி வந்து போன பிறகு வந்த சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் துணியோடு போனார். புளியும் உப்பும் போட்டு ஒரு காலை தேய்த்ததிலேயே மீன் பழையபடி மினுங்கியது. போதகரின் ஜெபம் என்றார் அம்மா. நான் போய் விளிம்பில் குந்தினேன்.

"அப்ப இத ஆரப்பா செய்த?"

"செய்த ஆளுக்குத் தண்டனை குடுத்தாச்சு மகள்," என்றார் அப்பா, துணியைப் பிழிந்துகொண்டே.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஆருக்குக் குடுத்த? மணலில முழங்காலில நிண்டது நான்! செய்த ஆள் ஒருத்தரும் நிக்கல்ல!"

அப்பா மீனின் குழாயைத் திருகினார். அது தண்ணீரைக் கொப்பளித்தது. என்னையும் தேய்க்கச் சொல்லித் துணியை நீட்டினார். ஒருவரையும் தொட விடாத மனிதர் நீட்டினார். நான் வாங்கவில்லை. எழும்பி வந்துவிட்டேன். நாள்கணக்காக அவரோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. தொட்டிக்குப் பக்கத்துக் குருமணலில் என் முழங்கால் பதிந்த குழிகள் அப்படியே கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பெரிதாக இன்னும் இரண்டு கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று மட்டும்தான் நினைத்தேன்.